ஆறு மழைக்காலம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழைய சாமான் கடை. காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம். சுற்றிலும் உருளை, இரண்டு முனையிலும் வாள் அறுத்த தடம். மேலே பச்சைப் பெயின்ட், அது உரிந்த இடத்தில் காவி, அதற்கும் கீழே கறுத்துப்போன வார்னிஷ். நான் போனது ஒரு எனாமல் தூக்குச்சட்டிக்காக. கண் கட்டையிலேயே நின்றது.

“அதுவா? தூணுத் துண்டுண்ணே. ஓட்டல்காரக எட்டடி போதும்னாக. மிச்சத்த அறுத்துப் போட்டோம்.”

“எந்த வீட்டுத் தூணு?”

தெற்கே மோவாயைத் தூக்கிக் காட்டினார். “வீடே இல்லண்ணே இப்ப. பிரிச்சாச்சு. பங்காளிக பதினாலு பேரு, ஆளுக்கொரு ஊரு. யாரு இருந்து பாக்குறது?”

முந்நூறு ரூபாய்க்குக் கட்டை கைமாறியது. தூக்குச்சட்டிக்குச் சொன்ன விலை படியவில்லை. அந்தக் கட்டையின் ஒரு சிம்புதான் இன்று என் சட்டைப் பையில் பேனாவாக இருக்கிறது. அது வந்த வழியைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

காரைக்குடியில் பழைய கட்டை எதைத் தொட்டாலும் பர்மாத் தேக்கு என்றுதான் சொல்வார்கள். வேப்பங்கட்டைக்கும் சில சமயம் அந்தப் பட்டம் கிடைப்பதுண்டு. அதனால் கோயம்புத்தூர் அண்ணனிடம் கொண்டுபோகும்வரை நான் நம்பவில்லை. அவர் பம்புசெட் கம்பெனி ஒன்றின் டூல் ரூமில் முப்பது வருஷம் லேத்து ஓட்டியவர். இரும்பைக் கடைந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு சின்ன லேத்தை வைத்துக்கொண்டு மரம் கடைகிறார். கட்டையின் முனையை ஒரு விரற்கடை அறுத்துத் தள்ளினார். நூறு வருஷம் கிடந்த கட்டை, அறுத்த நொடியில் எண்ணெயும் பழைய தோலும் கலந்த வாசனையை விட்டது. அறுத்த முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, குண்டூசி முனையால் வளையங்களை எண்ணினார்.

“ஒரு இஞ்சுல பன்னெண்டு ஓடுதுங்க தம்பி. தோட்டத்துத் தேக்குல அஞ்சாறு இருந்தாலே பெருசு. இது காட்டு மரமுங்க. நெருக்கத்துல நின்னு, மெதுவா வளந்தது.”

தேக்கில் ஒரு மழைக்காலத்துக்கு ஒரு வளையம். பருவமழை வந்ததும் பெரிய துளைகளோடு வேகமாக வளரும். கோடையில் இலையை உதிர்த்துவிட்டு நின்றுவிடும். வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் அந்த வரிகள் மாறாமல் நிற்கும்.

மரத்தின் ஆங்கிலப் பெயர்கூட தேக்கு என்ற நம் பக்கத்துச் சொல் போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து வெளியே வந்ததுதான். பெயர் இங்கிருந்து போக, மரம் பர்மாவிலிருந்து வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தேக்கைக் கப்பல் கட்டவே வெட்டித் தீர்த்துவிட்டார்கள். இனி நட்டால்தான் உண்டு என்று 1840களில் நிலம்பூரில் கானலி என்ற கலெக்டர் தோட்டம் போட வேண்டியதாயிற்று. ஆங்கிலேயர் கண் அடுத்துப் பர்மாவில் பெகுவின் மேல் விழுந்தது. 1852 போரில் அந்தப் பகுதி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1856இல் அங்கே காட்டுக்குப் பொறுப்பாகப் போனவர் டீட்ரிஷ் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர், படிப்பால் தாவரவியலாளர். காட்டில் எத்தனை தேக்கு நிற்கிறது என்று யானைமேல் உட்கார்ந்தபடியே எண்ணினார். மழைக்காட்டில் காகிதம் எதற்கு ஆகும்? இடது கையில் சில மரத்துண்டுகளைப் பிடித்துக்கொண்டு, பருமனுக்கு ஒரு துண்டு என்று பிரித்து, மரம் கண்ணில் பட்டபோதெல்லாம் பேனாக்கத்தியால் அதற்குரிய துண்டில் ஒரு வெட்டுப் போட்டுக்கொண்டே போனார். இந்தப் பேனாவின் முன்னோர்களைப் பற்றி எழுதப்பட்ட அந்தக் கணக்கு மரத்தின்மேல்தான் இருந்தது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

பர்மாக் காட்டில் தேக்கை நேரே வெட்டிச் சாய்ப்பதில்லை. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. ஆற்றில் விட்டால் அமிழ்ந்துவிடும். அதனால் நிற்கும்போதே கொல்வார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வைரம் வரைக்கும் வளையமாக வெட்டி விட்டுவிடுவது. சத்து மேலே ஏறாது. இலை உதிர்ந்து, நின்ற நிலையில் இரண்டு மூன்று வருஷம் காயும். அதற்குப் பிறகுதான் கோடாரி. யானை இழுத்து ஓடைக் கரையில் போடும். ஓடை பெருக மழை வர வேண்டும். ஒரு வருஷம் மழை குறைந்தால் கட்டை அங்கேயே அடுத்த வருஷத்துக்குக் காத்திருக்கும். வெள்ளம் இழுத்து ஐராவதியிலோ சித்தாங்கிலோ சேர்த்தபின் தெப்பமாகக் கட்டி, ரங்கூனுக்கு ஓட்டி வருவார்கள். வளையம் வெட்டிய நாளிலிருந்து மரவாடி வந்து சேரும்வரை சில கட்டைகளுக்கு ஐந்து வருஷத்துக்கு மேலும் ஆகியிருக்கிறது.

இந்த மரத்தை எண்ணுவதில் வந்த சண்டையில் ஒரு ராஜ்ஜியமே போயிற்று. 1863இல் தொடங்கிய பாம்பே பர்மா கம்பெனி, கணக்கில் காட்டியதைவிட அதிகமாகக் கட்டைகளை எடுத்ததாகச் சொல்லி 1885இல் மாந்தலை அரசு 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. பிரெஞ்சுக்காரர்கள் பர்மாவுக்குள் நுழைந்துவிடுவார்களோ என்று ஏற்கெனவே குமுறிக்கொண்டிருந்த ஆங்கில அரசுக்கு இது நல்ல சாக்கு. அந்த நவம்பரிலேயே படை ஐராவதியில் ஏறியது. மாந்தலையை ஆண்ட தீபா மன்னரைக் கொண்டுபோய் ரத்னகிரியில் வைத்தார்கள். அங்கேயே 1916இல் இறந்தார்.

இந்த ஆங்கிலேயக் குடை விரிந்த இடத்தில்தான் நம் செட்டியார்கள் கடை விரித்தார்கள். சூயஸ் கால்வாய் 1869இல் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை வந்தது. ஐராவதிக் கழிமுகத்தில் சதுப்பைத் திருத்தி வயலாக்கக் குடியானவனுக்குப் பணம் வேண்டும். வெள்ளைக்காரன் பாங்கி அவனுக்குக் கடன் கொடுக்காது, செட்டியார் கொடுத்தார். ரங்கூன் மொகல் தெருவில் அவர்கள் கடை நடத்திய கிட்டங்கிகள். கைப்பெட்டிக்குப் பின்னால் ஏஜெண்டு, பக்கத்தில் தொழில் பழகும் பெட்டியடிப் பையன். சம்பளச் சிட்டை எழுதிக்கொண்டு கப்பலேறும் ஏஜெண்டுக்குப் பொதுவாக மூன்று வருஷக் கெடு. அங்கே காட்டில் மரம் காய்வதற்கும் ஏறத்தாழ அதே மூன்று வருஷம். 1929-30இல் பர்மா பாங்கி விசாரணைக் கமிட்டி எண்ணியபோது செட்டியார் கடைகள் சுமார் 1,650 இருந்தன.

அந்தக் கடைகளில் பேரேடும் குறிப்பும் எழுதி, ஐந்தொகை போட்டு, ஊருக்கு அனுப்பினார்கள். அந்தக் கணக்கின் கூலியாகத்தான் செட்டிநாட்டில் வீடு எழுந்தது. வளவில் வரிசையாகத் தேக்குத் தூண், முகப்பில் கருங்காலி போல மெருகேற்றிய நிலை, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புச் சாந்து. என் கட்டை நின்றது எந்தப் பத்தியில், பட்டாலைக்கு முன்னாலா பின்னாலா என்று கடைக்காரருக்கும் தெரியாது. உள்கட்டுத் தூணாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். முகப்புத் தூணென்றால் பச்சைப் பெயின்ட் அடிக்க எந்த ஆச்சியும் விட்டிருக்க மாட்டார்.

கல்யாணம், காரியம், பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் அந்தத் தூண் நின்றது. பர்மாவில் 1930களின் உலக மந்தத்தில் நெல்விலை விழுந்து, கடன் திரும்பாமல், பணத்துக்குப் பதில் நிலம் வந்து சேர்ந்தது. 1938இல் கீழ் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் பெயரில். கேட்டவர்கள் இதைச் செட்டியார்களின் நிலப்பசி என்பார்கள். அவர்களுக்கு அது வாராக்கடன். பர்மாக்காரனுக்கோ இரண்டுமே ஒன்றுதான், அவன் நிலம் போயிற்று. 1942இல் ஜப்பான்காரன் வர, கப்பல் கிடைத்தவர் கப்பலில், மற்றவர் அரக்கான் வழியும் தாமு வழியும் நடையில். விடுதலைக்குப் பின் பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கிற்று, 1963இல் பாங்கிகளையும். தூணை வாங்கிய பணம் பிறந்த இடம் இல்லாமல் போயிற்று. தூண் மட்டும் நின்றது. தேக்கின் எண்ணெய்க்குக் கரையான் கிட்டே வராது.

அதன்பின் நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. பேரன் பேத்திகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள்; ஓடு மாற்றவே லட்சங்கள் ஆகும் வீட்டைப் பிரித்து விற்றார்கள். நிலை ஒரு ஊருக்கு, தூண் ஒரு ஊருக்கு. முட்டுக்காட்டு தட்சிணசித்ராவில் இப்படிக் கொண்டுவந்து மறுபடி எழுப்பிய செட்டிநாட்டு வீடு ஒன்றில் நுழைந்து பார்க்கலாம். அந்த அதிர்ஷ்டம் எல்லா வீட்டுக்கும் வாய்ப்பதில்லை.

இனி லேத்துக்கு வருகிறேன்.

அண்ணன் முதலில் செய்தது கட்டை முழுக்கக் காந்தத்தை ஓட்டியது. ஒரு இடத்தில் காந்தம் ஒட்டிக்கொண்டது. உளியால் நோண்டினால், தலை ஒடிந்த ஆணி. தோரணம் கட்டவோ சாமி படம் மாட்டவோ யாரோ அடித்தது. ஆணியைச் சுற்றி மரம் நீலமும் கறுப்புமாக ஒரு விரல் அகலத்துக்கு ஓடியிருந்தது. உளுத்துவிட்டதோ என்று பயந்தேன்.

“மையிங்க அது,” என்றார். அவர் விளையாடவில்லை. மரத்திலிருக்கும் துவர்ப்புச் சத்தும் இரும்பின் துருவும் ஈரத்தில் சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் பெரியவர்கள் காய்ச்சிய மையும் அதே சங்கதிதான். அன்னபேதி என்பது இரும்பு உப்பு, கடுக்காயில் இருப்பது துவர்ப்பு. அந்தக் கறை பேனா மூடியில் வருகிற மாதிரி அறுக்கச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. குறையை எடுத்து நெற்றியில் வைப்பானேன் என்றார். கடைசியில் என் பிடிவாதம் ஜெயித்தது.

முக்கால் அங்குலச் சதுரத்தில் ஆறு சட்டங்களாக அறுத்தார். ஒவ்வொன்றிலும் குறுக்காக ஒரு சாய்கோடு. மூடிக்கும் உடம்புக்கும் துண்டை இரண்டாக வெட்டிய பிறகு அந்தக் கோடு சேர்ந்தால்தான் ரேகை விட்ட இடத்தில் தொடரும். இல்லையென்றால் தலை ஒரு மரம், உடல் ஒரு மரம் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது துளை. இங்கே துரப்பணம் சுற்றாது. மரத்தைச் சக்கில் பிடித்துச் சுழல விட்டு, எதிரே டெயில் ஸ்டாக்கில் அசையாமல் நிற்கும் பிட்டை மெதுவாக உள்ளே செலுத்த வேண்டும். அப்போதுதான் துளை நடுவில் போகும். அரை அங்குலம் போனதும் பிட்டை வெளியே இழுத்துச் சுருளை உதற வேண்டும். முதல் சட்டத்தில் நான் கைப்பிடியைச் சுற்றினேன். இழுக்கச் சொன்னபோது இழுக்கவில்லை. இன்னும் கொஞ்சம்தானே என்று நினைத்தேன். சூடேறி, புகை வாசனை வந்து, கட்டை நீளவாக்கில் வாயைப் பிளந்தது. எழுபதோ எண்பதோ மழை பார்த்து வளர்ந்து, மூன்று வருஷம் நின்று காய்ந்து, ஆறும் கடலும் கடந்து, நூறு வருஷம் கூரையைத் தாங்கிய மரம். அதில் ஒரு துண்டை நான் நாற்பது விநாடியில் முடித்துவைத்தேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. என்னை நகரச் சொல்லிவிட்டு அடுத்த சட்டத்தை எடுத்தார்.

துளைக்குள் பித்தளைக் குழல் ஒட்ட வேண்டும். பேனாவுக்குப் பலம் அதுதான். மரம் அதன் மேல் ஒரு சட்டை. தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. கரையானைத் தடுத்த அதே எண்ணெய். அசிட்டோன் தொட்டுத் துளையைத் துடைத்து, குழலின் மேல்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அரால்டைட் தடவிச் செருகி ஒரு ராத்திரி விட்டார். மறுநாள் முனைகளைச் சமமாகச் சீவி, இரண்டு துண்டையும் ஒரு கம்பியில் கோத்து லேத்தில் ஏற்றினார். நிமிஷத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்று.

சதுரக் கட்டை சுற்றும்போது உளி வைத்தால் முதலில் டகடகவென்று அடிக்கும். நாலு மூலையும் வந்து வந்து மோதுவதால். மூலைகள் போகப் போக அடி நெருங்கி, ஒரு கட்டத்தில் சத்தம் மழை பெய்வது போல ஒரே சீராகிவிடும். அப்போது உருண்டையாகிவிட்டது என்று அர்த்தம், பார்க்கவே வேண்டாம். முதலில் வாய் குழிந்த உளி, பிறகு சாய்வாய் உளி. சாய்வாய் சரியாகப் பிடித்தால் நூல்கண்டு பிரிவது போல நீள நீளச் சுருளாக வரும். மயிரிழை தப்பினால் மரத்தைக் கவ்விப் பிய்த்துவிடும். தேக்கில் கண்ணுக்குத் தெரியாத மணற்சத்து உண்டு, உளியின் கூரைத் தின்றுவிடும். அரை மணி நேரத்தில் மூன்று தடவை சாணைக்குப் போனார். அந்தத் தூசியும் லேசுப்பட்டதில்லை, மூக்கை அரிக்கும். மூக்கில் துணி கட்டாமல் அருகே விடவில்லை.

கடைதல் என்ற சொல்லை நாம் மோருக்கும் வைத்திருக்கிறோம், மரத்துக்கும் வைத்திருக்கிறோம். கரண்டு வருமுன் கடைசல்காரர் மரத்தில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தார். தயிர்ப்பானையில் மத்துக்குக் கயிறு இழுப்பதும் அப்படித்தான். இரண்டிலும் ஒரு இழுப்பில் இப்படிச் சுற்றும், மறு இழுப்பில் அப்படிச் சுற்றும். அந்த மத்தே கடைசல் வேலைதான். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானும் கட்டில் காலும் தொட்டில் கட்டையும் இந்தக் குடும்பம். பேனாவும் நம் பக்கம் லேத்தில் பிறந்ததுதான், ஆனால் மரத்தில் அல்ல. எபோனைட் என்ற கெட்டி ரப்பரில். ராஜமுந்திரி ரத்னம் பேனாவும் திருவள்ளூர் ரங்கா பேனாவும் அப்படிக் கையால் கடைந்தவை. ரப்பருக்கு ஒரு வசதி, மை பட்டால் ஒன்றும் ஆகாது. மரம் மையைக் குடித்துவிடும். அதனால் மரப் பேனாவில் மை தொடும் கழுத்து வேறு சரக்கில் இருக்கும். அண்ணன் வாங்கி வைத்திருந்த உதிரிபாகக் கிட்டில் கழுத்து பிளாஸ்டிக், கிளிப்பு இரும்பு, நிப்பு ஜெர்மனியில் பெர்லின் ஜோவோ கம்பெனியுடையது. நிப்பு முனையில் இருக்கும் பொட்டை இரிடியம் என்று இன்னமும் சொல்கிறோம். இப்போதைய நிப்புகள் பலவற்றில் இரிடியமே கிடையாது.

உடம்பு பதின்மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு வந்ததும் நிறுத்தினார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தொன்பது மில்லிமீட்டர்ச் சதுரத்தில் நடுவில் பத்தரை துளைக்குப் போக, மீதி உளிக்குப் போக, மரமாக மிஞ்சியது எட்டில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் தரையில் சுருளாகக் கிடந்தது. அந்தப் பதின்மூன்று மில்லிமீட்டரில், அங்குலத்துக்குப் பன்னிரண்டு வளையம் என்றால், குறுக்கே ஆறு மழைக்காலம்.

உப்புத்தாள் 150இல் தொடங்கி 600 வரைக்கும். ஒவ்வொரு தாளுக்கும் கடைசியில் லேத்தை நிறுத்திவிட்டு, ரேகைப் போக்கில் கையால் நாலு இழுப்பு. சுற்றும்போது விழுந்த கீறலை அது எடுத்துவிடும். பிறகு மெருகு. ஃபெவிக்விக் மாதிரியான உடனொட்டிப் பசையை அடுக்கடுக்காகத் தடவிக் கண்ணாடி போல ஆக்குவதுதான் இப்போது பலர் செய்வது. நானும் அதைத்தான் கேட்டேன். “கண்ணாடி வேணும்னா பிளாஸ்டிக்குப் பேனா வாங்கிக்கோங்க,” என்றார். அரக்கைச் சாராயத்தில் கரைத்து மெழுகு சேர்த்து வைத்திருந்த குழம்பைத் துணியில் தொட்டு, சுற்றும் மரத்தில் அழுத்தினார். உரசும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் இறங்கியது. சன்னபட்டணத்தில் பொம்மைக்கு அரக்குக் குச்சியை நேராகச் சுழலும் மரத்தில் வைத்து, தாழை மடலால் தேய்த்து மினுக்குவார்கள், வித்தை அதேதான். மர நிறம் தேனாகத் திரும்பியது. ஆணிக் கறை மூடியின் ஒரு பக்கத்தில், சின்னப் பையன் மை கொட்டி விட்டது போல. இப்போது அண்ணனுக்கும் அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். ஒத்துக்கொள்ளவில்லை.

பாகங்களை வைஸில் வைத்து அழுத்திச் சேர்த்தார். இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேனா உடையும் என்று சேர்த்த பிறகு சொன்னார், முன்னால் சொல்லவில்லை.

மை ஏற்றி, பழைய டயரியில் ஒரு தாளைக் கிழித்து எழுதிப் பார்த்தார். எல்லாரும் பேரெழுதிப் பார்ப்பார்கள். அவர் மேலே பிள்ளையார் சுழி போட்டுக் கணக்கு எழுதினார். கட்டை 300. கிட் 850. அரால்டைட் 40. அடுத்த வரியில் ‘கூலி’ என்று எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பர்ஸை எடுத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, எதிரே எழுதினார்: மிச்சக் கட்டை.